வீடு விற்குமுன் புகைக்கூண்டை ஏறிப் பாருங்கள்

திருநெல்வேலிச் சீமையில் பழைய வீடு ஒன்றை விற்பதென்று முடிவானதும் முதலில் தேடப்படுவது மூலப்பத்திரம். அதற்கடுத்து பட்டா, தீர்வை ரசீது, வில்லங்கச் சான்று. காகிதங்கள் கைக்கு வந்ததும் வெள்ளையடித்து, கதவுக்கு வார்னிஷ் பூசி, முற்றத்தைக் கழுவி, வாங்க வருகிறவரை எதிர்பார்த்து உட்கார்ந்துவிடுகிறோம். அடுக்களைக்கு மேலே கூரையைத் துளைத்துக்கொண்டு நிற்கும் புகைக்கூண்டை அதற்குள் ஒருவரும் ஏறிப் பார்ப்பதில்லை. அதிலுள்ள வில்லங்கம் எந்தச் சான்றிலும் வராது. ஆனால், வாங்க வருகிறவர் விவரம் தெரிந்த கொத்தனாரை உடன் அழைத்துவந்தால், அந்தக் கொத்தனார் அடுக்களைக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பார்ப்பார். சுவரில் மேலிருந்து கீழாக ஓடும் பழுப்புக் கறையைக் காட்டி, “இது எங்கேயிருந்து வருது, அண்ணாச்சி?” என்று அவர் கேட்கும் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லையென்றால், விலைப்பேச்சு அந்த இடத்திலிருந்து இறங்கத் தொடங்கிவிடும்.

வாங்குகிறவர் தாமே கண்டுபிடிக்கும் குறைக்கு, அதைச் சரிசெய்ய ஆகும் செலவை மட்டும் அவர் கழிப்பதில்லை. கண்ணில் படாமல் இன்னும் எத்தனை இருக்குமோ என்ற அச்சத்தையும் சேர்த்துக் கழிக்கிறார். ஆகவே குறையை நாமே முன்கூட்டிக் கண்டு, சரிசெய்யக்கூடியதைச் சரிசெய்து, மற்றதை மறைக்காமல் சொல்லிவிடுவது விற்பவருக்கே நல்லது. சட்டமும் அதையே எதிர்பார்க்கிறது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தின் 55ஆவது பிரிவு, விற்பவருக்குத் தெரிந்திருந்து வாங்குபவருக்குத் தெரியாததும், சாதாரணக் கவனத்துடன் பார்த்தாலும் அவர் கண்ணுக்குத் தட்டுப்படாததுமான முக்கியக் குறைபாட்டை விற்பவர் வெளிப்படுத்தியாக வேண்டும் என்கிறது. வெளிப்படுத்தாமல் விடுவதை மோசடி என்றே குறிப்பிடுகிறது. எல்லாச் சிறு விரிசலும் இந்தப் பிரிவுக்குள் வந்துவிடாது. எனினும் தாங்கலில்லாமல் நிற்கும் கூண்டையோ, கரிந்துபோன உத்திரத்தையோ தெரிந்தே புதுச் சுண்ணாம்பால் மூடி விற்பது பின்னால் வழக்காக முளைக்கக்கூடிய செயல்.

குளிர்நாடுகளில் இதற்கென்று முறையான ஏற்பாடு உண்டு. அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் வெளியிட்டுள்ள 211ஆம் எண் தரநிலை, புகைபோக்கிச் சோதனையை மூன்று நிலைகளாகப் பிரித்து, வீடு கைமாறும்போது இரண்டாம் நிலைச் சோதனை நடக்க வேண்டும் என்கிறது. கேமராவை உள்ளே இறக்கி உட்சுவரைப் பார்ப்பது அதில் வழக்கம். நம் பக்கத்தில் அப்படியொரு வழக்கம் இல்லை. ஆனால் ஒட்டடைக் கம்பின் நுனியில் கைபேசியைக் கட்டி, அதன் விளக்கை எரியவிட்டுப் படம் பிடித்தால் அந்தச் சோதனையில் பாதியை நாமே செய்துவிடலாம்.

நம் வீடுகளில் புகை வெளியேறும் வழி ஒரே மாதிரியானது அல்ல. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, பாளையங்கோட்டை போன்ற ஊர்களின் பழைய காரை வீடுகளில் விறகடுப்புக்கு மேலே செங்கல்லால் கட்டி, தட்டட்டிக்கு, அதாவது மொட்டைமாடிக்கு, மேல் உயர்த்தி, உச்சியில் நான்கு சிறு தூண்கள் மேல் ஒரு பலகைக்கல்லை மூடியாக வைத்த கூண்டு இருக்கும். ஓட்டு வீடுகளில் கூரையின் ஒரு பகுதியை மட்டும் தூக்கி, பக்கவாட்டில் திறப்புவிட்டு, அதற்கு மேல் ஒரு குட்டிக் கூரை போட்டிருப்பார்கள். 1980களில் மத்திய அரசின் மேம்படுத்தப்பட்ட அடுப்புத் திட்டத்தின்கீழ்ப் புகையில்லா அடுப்பு வைத்த வீடுகளில் கல்நார் சிமெண்டுக் குழாய் ஒன்று கூரையைத் துளைத்துக்கொண்டு போகும். புதிய வீடுகளில் எரிவாயு அடுப்புக்கு மேல் மின்விசிறியுள்ள சிம்னி. இந்தக் கட்டுரையில் புகைக்கூண்டு என்று வரும் இடமெல்லாம் கட்டுமானத்தையும், சிம்னி என்று வரும் இடமெல்லாம் மின் கருவியையும் குறிக்கும்.

புகை எப்படி மேலே போகிறது

எதில் குறை வரும் என்பது புரிவதற்கு, கூண்டு எப்படி வேலை செய்கிறது என்பது தெரிய வேண்டும். சூடான காற்று விரிந்து எடை குறைகிறது. சுற்றியுள்ள கனத்த காற்று கீழிருந்து அதை மேலே தள்ளுகிறது. 150 டிகிரி சூட்டில் உள்ள புகை, 30 டிகிரியில் உள்ள வெளிக்காற்றைவிட ஏறக்குறைய 28 சதவீதம் எடை குறைந்தது. இந்த எடை வித்தியாசமும் கூண்டின் உயரமும் சேர்ந்துதான் இழுவையாகிறது. வெளியே பூச்சியம் டிகிரி குளிர் உள்ள நாட்டில் அதே புகை 35 சதவீதம் இலேசாக இருக்கும் என்பதால், அங்கே நன்றாக இழுக்கும் கூண்டு சித்திரை வெயிலில் நம் ஊரில் சற்று மந்தமாகத்தான் இழுக்கும். அந்தக் குறையைத் தாராளமான அகலமும் தடையற்ற வாயும்தான் ஈடுசெய்கின்றன. ஆகவே வாயை அடைத்துக்கொண்டு நிற்கும் எதுவும் இங்கே கூடுதலாகவே தொல்லை தரும்.

புகை திரும்பி அடுக்களைக்குள்ளேயே இறங்குகிறது என்றால் முதலில் கூண்டைச் சந்தேகிக்காமல் கூண்டைச் சுற்றி என்ன மாறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கூண்டு கட்டிய காலத்தில் தட்டட்டி வெட்டவெளியாக இருந்திருக்கும். பிறகு மாடியில் ஓர் அறை எழுந்திருக்கும். பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டிக்கு மேடை கட்டியிருப்பார்கள். அண்மையில் சூரியத் தகடுகள் வந்திருக்கும். ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் செங்கோட்டை, தென்காசிப் பக்கம் பாய்ந்து வரும் மேல்காற்று இந்த உயரமான சுவரில் மோதிக் கீழ்நோக்கிச் சுழலும்போது, கூண்டின் வாய் அந்தச் சுழலுக்குள் அகப்பட்டுக்கொண்டால் புகை மேலே போக வழியில்லை. அமெரிக்கக் கட்டட விதிகள், கூண்டு கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடியும், 10 அடித் தொலைவுக்குள் உள்ள எதையும்விடக் குறைந்தது 2 அடியும் உயர்ந்திருக்க வேண்டும் என்கின்றன. காற்றின் போக்கைக் கணக்கிட்டுச் சொன்ன அளவு என்பதால் நம் கூண்டுக்கும் அதை ஒரு கைக்கணக்காக வைத்துக்கொள்ளலாம். உயரம் போதவில்லை என்றால் இரண்டு வரிசைச் செங்கல் ஏற்றுவதோ, மேல்காற்று அடிக்கும் பக்கத் திறப்பை மட்டும் அடைத்துவிட்டு மற்ற மூன்று பக்கங்களைத் திறந்துவிடுவதோ பெரும்பாலும் போதுமானதாக இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேல் தண்ணீர்

நம் பக்கத்தில் புகைக்கூண்டைக் கெடுப்பதில் புகையைவிடத் தண்ணீருக்கே பங்கு அதிகம். கூரை என்பது மழையை வெளியே நிறுத்துவதற்காக இருப்பது; அந்தக் கூரையில் நாமே ஓட்டையிட்டு ஒரு கட்டுமானத்தை நிறுத்தியிருக்கிறோம். ஓட்டையின் விளிம்பு நெடுக ஒரு மூட்டு இருக்கிறது. அந்த மூட்டு வெயிலில் விரிந்தும் மழையில் சுருங்கியும் வருடத்துக்கு வருடம் சற்றே வாய் பிளக்கிறது.

அனுபவமுள்ள கொத்தனார்கள் ஒழுகலைப் பார்க்க வந்தால், “மேக்கால ஒழுகுதா, கெழக்கால ஒழுகுதா?” என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குள் பாதி விடை இருக்கிறது. தென்காசி, செங்கோட்டை, கடையம் பக்கத்தில் சாரல் மேற்கிலிருந்து சாய்வாக அடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை கிழக்கிலிருந்து வரும். பாளையங்கோட்டையிலும் அதற்குக் கிழக்கேயும் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிது. கூண்டின் மேற்கு முகத்தில் மட்டும் கறை படிந்திருந்தால் சாரல் பக்கத்துத் திறப்பிலோ பூச்சிலோ குறை இருக்கும். நான்கு புறமும் சீராக ஈரம் கண்டிருந்தால் உச்சி மூடியைப் பார்க்க வேண்டும்.

உச்சி மூடியில் பார்க்க வேண்டியவை சில. பலகைக்கல்லாக இருந்தால் அது ஒரு பக்கம் நகர்ந்திருக்கிறதா, காங்கிரீட்டாக இருந்தால் மயிரிழை விரிசல் ஓடியிருக்கிறதா என்று பார்க்கலாம். மூடி கூண்டின் சுவரைத் தாண்டி மூன்று, நான்கு விரற்கடையாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நீட்டிய பகுதியின் அடியில் விளிம்பையொட்டிச் சிறு பள்ளக்கோடு ஒன்று ஓட வேண்டும். அந்தக் கோடு இல்லையென்றால் மழைநீர் மூடியின் அடிப்புறத்தைப் பற்றிக்கொண்டே உள்ளே ஊர்ந்து வந்து சுவரில் இறங்கும். கோடு இருந்தால் விளிம்பிலேயே சொட்டிவிடும்.

அடுத்தது மூட்டு. தட்டட்டியில் கூண்டு எழும் மூலையில் கலவையைச் சரிவாக வைத்து நீரை விலக்கியிருப்பார்கள். அந்தக் கலவை சுவரைவிட்டுப் பிரிந்திருக்கிறதா என்பதை விரலாலேயே தட்டிப் பார்க்கலாம். பிரிந்த இடம் பொத்தென்று ஒலிக்கும். ஓட்டுக் கூரையில் இன்னொரு கவனம் வேண்டும். சரிவின் மேற்பக்கத்திலிருந்து ஓடிவரும் நீர் முழுவதும் கூண்டின் முதுகில் வந்து மோதித் தேங்கும் என்பதால், அங்கே நீரை இருபுறமும் பிரித்துவிடும் மேடொன்று இல்லாவிட்டால், எத்தனை முறை சிமெண்டை அப்பினாலும் ஒழுகல் நிற்காது. ஓட்டின் மேல் அப்பிய சிமெண்டு ஒரு கோடையிலேயே வெடித்துவிடும். செங்கல் வரிசைக்கு நடுவே கீறல் வெட்டி, ஜிங்க் தகட்டின் ஓர் ஓரத்தை அதற்குள் செருகிப் பூசி, மறு ஓரத்தை ஓட்டின் மேல் படியவிடுவதுதான் நிலைக்கும் வேலை.

கூண்டின் பக்கச் சுவரில் அரசு அல்லது ஆலங்கன்று முளைத்திருப்பதைத் தட்டட்டியில் ஏறியதும் காணலாம். பறவை எச்சத்தில் வந்த விதை, செங்கல்லுக்கு நடுவிலுள்ள சுண்ணாம்பில் கொஞ்சம் ஈரம் கிடைத்தாலே பிழைத்துக்கொள்ளும். மேலே இரண்டு இலை தெரியும். உள்ளே வேர் கூண்டின் நான்கு புறமும் சுற்றி வளைந்திருக்கும். விற்கும் அவசரத்தில் அதை ஒடித்துவிட்டுப் பூசிவிடுவது வழக்கம். அடுத்த மழையில் அதே இடத்தில் பூச்சைத் தள்ளிக்கொண்டு தளிர் வந்து நிற்கும். வேர் போன அளவுக்குச் செங்கல் வரிசைகளைப் பிரித்து, வேரை முழுதும் எடுத்துவிட்டுத் திரும்பக் கட்டுவதைத் தவிர வேறு வழி கிடையாது. கூண்டில் மேல் நான்கைந்து வரிசைகளைப் பிரித்துக் கட்டுவது அப்படியொன்றும் பெரிய வேலை அல்ல.

திரும்பக் கட்டும்போது எந்தக் கலவையைப் பயன்படுத்துவது என்பதில் இன்றைக்குப் பெரும்பாலோர் கவனம் வைப்பதில்லை. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரைச் சேர்த்தரைத்த சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய கூண்டு, மழையில் ஈரத்தை வாங்கி வெயிலில் விட்டுவிடும். அதன் மேல் கடினமான சிமெண்டுப் பூச்சைப் போர்த்தினால் உள்ளே போன ஈரம் வெளியேற முடியாமல் செங்கல்லுக்குள்ளேயே தங்கி, உப்பைக் கரைத்துக்கொண்டு வந்து முகத்தில் பொரியவிடும். நாளடைவில் செங்கல்லின் முகமே தகடு தகடாக உதிரும். உள்ளே பழைய கல், வெளியே பளபளவென்று புதுச் சிமெண்டு என்றிருக்கும் கூண்டை விவரமுள்ள வாங்குநர் சந்தேகத்துடன்தான் பார்ப்பார். சுண்ணாம்பில் கட்டியதைச் சுண்ணாம்பிலேயே பூசுவது செலவு கூடினாலும் சரியான வேலை.

அடுக்களைச் சுவரில் தெரியும் கறையிலும் இரண்டு வகை உண்டு. வெண்மையாகப் பூத்துக் கையில் மாவுபோல ஒட்டினால் அது உப்பு, அதாவது ஓதம். தேநீர் நிறத்தில் வழிந்து, எத்தனை முறை வெள்ளையடித்தாலும் ஒரு மாதத்தில் மேலே ஊறி வந்தால், கூண்டுக்குள் படிந்த புகைப்பிசினை மழைநீர் கரைத்துக்கொண்டு செங்கல் வழியே கசிகிறது என்று பொருள். இரண்டாவது கறையைச் சுண்ணாம்போ நீர்ச்சாயமோ மறைக்காது. முதலில் நீர் வரும் வழியை அடைத்து, கூண்டைச் சுத்தம் செய்து, சுவரை ஒரு கோடை முழுதும் காயவிட்டு, அதன் பிறகு எண்ணெய்க் கலப்புள்ள அடிப்பூச்சைக் கொடுத்துத்தான் மேலே சாயம் அடிக்க வேண்டும். தை மாதம் வீட்டை விற்கப்போகிறவர் மார்கழியில் தொடங்கினால் இதற்குக் காலம் போதாது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இங்கே நினைவுபடுத்திக்கொள்வது பயன்படும். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பதிவான அந்த மழையில், அதுவரை ஒரு சொட்டும் ஒழுகாத பல வீடுகள் ஒழுகின. மும்பையிலோ சென்னையிலோ இருந்துகொண்டு பூட்டிக்கிடக்கும் பூர்வீக வீட்டை விற்க வருகிறவர்கள், சாவியை வைத்திருக்கும் பக்கத்து வீட்டாரிடம் அந்த இரண்டு நாளில் அடுக்களையில் எங்கே தண்ணீர் நின்றது என்று கேட்டுக்கொள்வது நல்லது. அவ்வளவு பெரிய சோதனையைக் காசு கொடுத்து நடத்த முடியாது.

கரி, மரம், அடியை இடித்த கூண்டு

கூண்டுக்குள் படியும் கரியைப் பற்றி அளவுக்கு மீறி அஞ்ச வேண்டியதில்லை. குளிர்நாட்டு வீடுகளில் அடைத்த அடுப்பில் காற்றைக் குறைத்து இரவெல்லாம் விறகைப் புகையவிடுவதால், புகை குளிர்ந்து கூண்டின் உட்சுவரில் தாராகப் படிந்து, அது ஒருநாள் தீப்பிடித்தால் 1000 டிகிரிக்கு மேல் சூடேறும். நம் அடுப்பு திறந்த அடுப்பு. ஏராளமான காற்று கலந்து போவதால் படிவது பெரும்பாலும் உதிரும் கரிதான். ஆயினும் அந்த வீட்டில் அடுப்பு எதற்கெல்லாம் எரிந்தது என்பதைப் பொறுத்து இது மாறும். நெல் அவித்த வீடு, பச்சை உடைமரத்தையும் ஈரத் தென்னைமட்டையையும் எரித்த வீடு, அல்வாவோ முறுக்கோ போட்டு விற்ற வீடு என்றால் நெய்யும் எண்ணெயும் கலந்த பிசின் உள்ளே தடித்திருக்கும். ஒரு திருப்புளியால் உட்சுவரைச் சுரண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். தூளாக உதிர்ந்தால் ஒட்டடைக் கம்பில் தென்னந்துடைப்பத்தைக் கட்டி இழுத்துவிடலாம். சற்றே மினுங்கும் செதில்களாகப் பெயர்ந்தால் கம்பித் தூரிகை வேண்டும். கண்ணாடிபோலப் பளபளத்துச் சுரண்டினாலும் வராமல் இருந்தால், அந்தக் கூண்டின்கீழ் இனி தீ மூட்டக் கூடாது என்று வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும்.

சுத்தம் செய்பவர் முழுக்கைச் சட்டையும் முகமூடியும் அணிந்து, வேலை முடிந்ததும் குளித்துவிட வேண்டும். லண்டனின் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1775இல், புகைபோக்கி துடைக்கும் தொழிலாளர்களுக்கு வந்த புற்றுநோய்க்குக் கரியே காரணம் என்று எழுதினார்; தொழிலால் வரும் புற்றுநோயை மருத்துவ உலகம் அடையாளம் கண்ட முதல் நிகழ்வு அது.

கரியைவிட எனக்கு அதிகக் கவலை தருவது கூண்டையொட்டிப் போகும் மரம். தேரிக்காட்டுப் பக்கத்து வீடுகளில் பனஞ்சட்டங்களும், ஆற்றோரத்து வீடுகளில் தேக்கும் கூண்டின் செங்கல்லைத் தொட்டுக்கொண்டே ஓடுவதைப் பார்க்கலாம். வருடக்கணக்காகச் சூடுபட்ட மரம் உள்ளுக்குள் மெல்லக் கரிந்து, புதிய மரத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடும். அமெரிக்க விதிகள் வீட்டுக்குள் போகும் செங்கல் கூண்டுக்கும் மரத்துக்கும் இடையே 2 அங்குலம், அதாவது 5 சென்டிமீட்டர் இடைவெளி கேட்பது இதனால்தான். மச்சில் ஏறி, கூண்டை ஒட்டிய சட்டத்தின் நிறத்தைப் பார்க்க வேண்டும். மற்ற இடத்தைவிடக் கருத்திருந்து, திருப்புளி நுனி எளிதாக இறங்கினால் அந்தச் சட்டத்தை மாற்றியாக வேண்டும். இந்த ஒரு குறையை மட்டும் விலையில் கழித்துக்கொள்ளச் சொல்லி விட்டுவிடலாகாது. உள்ளே உயிருடன் ஒரு குடும்பம் இருக்கப்போகிறது.

இன்னொரு குறை அண்மைக் காலத்தில் பெருகியிருக்கிறது. எரிவாயு வந்தபின், விறகடுப்பை இடித்துவிட்டுக் கருங்கல் மேடை போட்ட வீடுகள் ஏராளம். அப்போது அடுப்புக்கு மேல் புகையை ஏந்தும் கூண்டின் வயிற்றுப்பகுதியையும் இடத்துக்காக இடித்து எடுத்துவிடுகிறார்கள். ஆனால் தட்டட்டிக்கு மேலுள்ள பகுதி அப்படியே நிற்கிறது. கீழிருந்த சுவர் தாங்கிய எடை இப்போது இரண்டு மரச்சட்டங்களின் மேலோ, வெறும் பூச்சின் பிடிப்பிலோ நிற்கும். பல நூறு கிலோ எடையுள்ள செங்கல் அது. அடுக்களைக் கூரையில் பழைய கூண்டு இருந்த இடத்தைச் சுற்றிச் சதுரமாக விரிசல் கண்டால் உடனே கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைக்க வேண்டும். தீர்வு இரண்டுதான்: அடியில் இரும்பு உத்திரம் கொடுத்துத் தாங்குவது, அல்லது மேலே உள்ளதையும் இறக்கிவிட்டுக் கூரையை மூடுவது. கேபிள் கம்பியும் கொடிக்கயிறும் கட்டி இழுத்த கூண்டு ஒரு பக்கம் சாய்ந்திருப்பதும் இதே வகை ஆபத்து. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இடிக்காமல் வெறுமனே அடைத்து வைத்த கூண்டுகளிலும் குறை சேரும். உச்சியிலும் அடியிலும் இறுக்கமாக மூடிவிட்டால் உள்ளே காற்றோட்டம் நின்று, மழை ஈரம் உலர வழியின்றிச் சுவர் பூசணம் பிடிக்கும். மூடும்போது மேலே மழை புகாத காற்றுத்துளையும், கீழே கைப்பிடியளவு சன்னலும் விட வேண்டும். திறந்தே விட்டுவிட்டால் மரநாயும் வௌவாலும் குடிவரும். குளவி கூடு கட்டும். திறப்புகளுக்குக் கம்பிவலை போதும். கண் மிகச் சிறிதான கொசுவலையைப் போட்டால் கரி அடைத்துக்கொண்டு இழுவை நின்றுபோகும்.

கல்நார்க் குழாய் உள்ள வீட்டில் ஒரே எச்சரிக்கை: அதை அறுக்கவோ, துளையிடவோ, உடைக்கவோ கூடாது. அதன் தூளில் உள்ள இழை நுரையீரலுக்குக் கேடு. முழுதாக இருக்கும்வரை அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும். எடுத்தே ஆக வேண்டுமென்றால் நீரை ஊற்றி நனைத்து, முழுக்குழாயாகக் கழற்ற வேண்டும்.

மின் சிம்னி உள்ள புதிய வீடுகளில் பார்க்க வேண்டியது குறைவு. கருவியை ஓடவிட்டு ஒரு செய்தித்தாள் துண்டை வடிகட்டியின் அருகே கொண்டுபோனால் அது ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் முதலில் வடிகட்டியைச் சுடுநீரும் சோடாவும் கொண்டு கழுவிப் பார்க்கலாம்; பிறகு குழாயைப் பார்க்க வேண்டும். சுருங்கி விரியும் அலுமினியக் குழாயைப் பலமுறை வளைத்து, அலமாரிக்குள் நெரித்துக்கொண்டு போயிருப்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். சில வீடுகளில் அந்தக் குழாய் வெளியே போகாமல் பரணுக்குள்ளேயே முடிந்திருக்கும். அங்கே எண்ணெய் படிந்து கரப்பான் கூட்டம் பெருகியிருக்கும். வெளிச்சுவரில் உள்ள துளையைச் சுற்றிப் பூசாமல் விட்டிருந்தால், சாரல் காலத்தில் அந்த வழியே உள்ளே நீர் வரும்.

பார்க்கும் முறை

முதலில் வெள்ளையடிப்பவரை நிறுத்திவையுங்கள். கறையும் விரிசலும் இருக்கும் நிலையிலேயே, வெயில் நன்றாக உள்ள ஒரு நாளில், கீழே அடுக்களையிலிருந்து தொடங்குவது நல்லது. உச்சிப்பொழுதில் அடுப்புத் திட்டின் அருகே நின்று சிறு கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தால், நேரான கூண்டில் வானத்தின் வெளிச்சம் சதுரமாகத் தெரியும். சதுரம் முழுதாகத் தெரியாமல் ஒரு பக்கம் மறைந்திருந்தால், அங்கே கூடோ, விழுந்த செங்கல்லோ இருக்கிறது. பிறகு சாம்பிராணித் தூபத்தை அடுப்பு இருந்த இடத்தில் வைத்துச் சன்னலை ஒருமுறை திறந்தும் ஒருமுறை மூடியும் புகையின் போக்கைப் பார்க்க வேண்டும். சன்னல் திறந்தால் மட்டுமே மேலே போகிறதென்றால், கூண்டு சரியாகத்தான் இருக்கிறது. அடுக்களைக்குள் காற்று வரும் வழிதான் போதவில்லை.

அடுத்து மச்சு, அதற்கடுத்து தட்டட்டி. ஓட்டின் மேல் ஏறுவதைப் பழகிய ஆளிடம் விட்டுவிடலாம். தட்டட்டியில் மூட்டைச் சோதிக்க, குழாய்த் தண்ணீரைக் கூண்டின் அடியில் ஒரு பக்கமாக மட்டும் கால் மணி நேரம் மெல்ல ஓடவிட்டு, கீழே ஒருவர் நின்று பார்க்க வேண்டும். அந்தப் பக்கம் ஒழுகவில்லை என்றானபின் அடுத்த பக்கம். நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் நனைத்துவிட்டால் எங்கிருந்து வருகிறது என்பது தெரியாமல் போய்விடும். ஒவ்வோர் இடத்தையும் தேதி தெரியும்படிப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, சரிசெய்த பிறகும் அதே கோணத்தில் இன்னொரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. அடைத்த ஒழுகலுக்கு அதைவிட நம்பத்தக்க சாட்சி விற்பவரிடம் இருக்க முடியாது.

அக்ரகாரத்து வீடுகளிலும், சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் தெரு வீடுகளிலும் கடைசியாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூண்டு நிற்கும் சுவர் நமக்கே சொந்தமானதா, பக்கத்து வீட்டுக்கும் பொதுவானதா என்பதை மூலப்பத்திரத்தின் நான்கெல்லை விவரத்தில் தேடிப் பாருங்கள். பொதுச்சுவர் என்று இருந்தால், கூண்டை உயர்த்தவோ இறக்கவோ தொடங்குமுன் பக்கத்து வீட்டாரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கி, அதையும் படங்களையும் எழுதும் கிரயப்பத்திரத்துக்கான காகிதங்களோடு சேர்த்துப் பத்திர எழுத்தரிடம் கொடுத்துவிடுவது வாங்குபவருக்கும் விற்பவருக்கும் பின்னால் வரக்கூடிய ஒரு சண்டையை இப்போதே தவிர்த்துவிடும்.